கைதட்டியவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை

அப்பா மூன்று முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார். மூன்று முறையும் டெபாசிட் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் படப்பையில் இதைச் சொல்லாமல் யாரும் என்னைப் பற்றிப் பேச்சையே எடுப்பதில்லை. "அதோ போவுது பாரு, எம்.எல்.ஏ. பொண்ணு" என்று ஷேர் ஆட்டோவில் பின்னாலிருந்து சிரிப்பார்கள். சிரித்துத் தொலைக்கட்டும். எனக்கு வயிறு எரிவது அதனால் இல்லை.

அப்பா உரக்கடை வைத்திருந்தார். சுற்றிலும் இருந்த நிலத்தில் எல்லாம் பிளாட் கல் நட்ட பிறகு உரம் வாங்க யார் வரப்போகிறார்கள்? சும்மா உட்கார்ந்து ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஒரு கொள்கை முளைத்தது. விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும், ஒயின்ஷாப்பை மூட வேண்டும், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்கக் கூடாது. ஊரில் பாதிப் பேர் டீக்கடையில் இதைத்தான் பேசுகிறார்கள். பேசிவிட்டு வழக்கமாகப் போடுகிற இடத்தில் ஓட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாதான் அந்தப் பேச்சை நம்பி சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். முதல் முறை தோற்றபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடாமல் படுத்திருந்தார், பிறகு எழுந்து கடைக்குப் போனார்.

இரண்டாவது முறை நிற்கும்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காருக்கு வயர் கட்டுகிற லைன். ஷிப்டு மாறி மாறி வரும். நைட் ஷிப்டு வாரம் வந்தால் அப்பா என் முகத்தைப் பார்க்க மாட்டார், ஆனால் தடுக்கவும் இல்லை. எனக்குக் கை வேகம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லி, அடுத்த லைன் லீடர் இந்தப் பெண்தான் என்றார். என்னை ஒரு ஆள் என்று மதித்த இடம் அது ஒன்றுதான்.

மனுத் தாக்கல் செய்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நான் இன்னா பேசறேன், எம் பொண்ணு இன்னா பண்ணுதுன்னு கேப்பாங்களா இல்லியா? வேலய வுட்டுடு கண்ணு. எலெக்சன் முடியட்டும், அப்புறம் வேற பாத்துக்கலாம்."

"லீவு வேணா போடறேம்பா. வேலய வுட சொல்லாத."

"லீவு போட்டா திரும்பப் போவியே."

"அவரு மானத்த வாங்காதடி" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ராஜினாமா செய்தேன்.

அப்பா பேசுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஹாஸ்டல்களுக்குப் பக்கத்தில், கம்பெனி பஸ் வந்து நிற்கிற நிறுத்தம். சாயங்காலமானால் நைட் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் அங்கே கூட்டமாக நிற்பார்கள். எல்லாரும் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள்.

"இவங்க ஓட்டெல்லாம் அவங்க ஊர்ல கீதுப்பா. இங்க ஒருத்திக்கும் ஓட்டு இல்ல" என்றேன்.

"கெடக்கட்டும் வுடு. கூட்டத்த பாத்தா ஊர்க்காரன் தானா வருவான்."

ஊர்க்காரன் ஒருத்தன் வரத்தான் செய்தான். பைக்கில் உட்கார்ந்தபடியே, "தலைவரே, ஒம் பொண்ணே நைட் டூட்டி போச்சே, அது இன்னா கத?" என்று கத்தினான். அப்பா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போச்சு. நான்தான் நிறுத்திட்டேன். எம் பொண்ணுக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா?"

அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி நைட் ஷிப்டுக்குப் போனார்கள்.

"எப்டி கைதட்டுச்சிங்க பாத்தியா!" என்று அப்பா வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அடப்பாவி மனுஷா என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது.

தோற்றார். நான் பழைய கம்பெனி கேட்டுக்குப் போனேன். விட்டுப் போனவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். மற்ற கம்பெனிகளில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வருகிற பிள்ளைகளாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். பெண் பார்க்க வந்த ஒரு மாமியார்க்காரி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "எங்களுக்குக் கம்பெனி வேலைக்குப் போற பொண்ணா இருந்தா தேவல" என்றாள். அவர்கள் போனதும் அப்பா மிச்சமிருந்த தேர்தல் நோட்டீஸ் கட்டை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எங்கே! அடுத்த தேர்தல் வந்தது, மறுபடியும் நின்றார். இந்தத் தடவை நானும் பிரசார வண்டியில் வரவேண்டுமாம்.

"நீ பேச வேணாம் கண்ணு. சும்மா நின்னா போதும்."

"நான் இன்னா ஒன் போஸ்டரா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தி, அழுது, கடைசியில் போனேன். கூட வருவதற்கு அவருக்கு வேறு ஒரு ஆள் இல்லை. தலை முழுக்க நரைத்து, வண்டியில் தனியாக மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

மறுபடியும் அதே நிறுத்தம், அதே மாதிரிப் பிள்ளைகள். "என் மகளைப் பாருங்கள், குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள்" என்று அப்பா வண்டியிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கி நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு பெண் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எந்தக் கம்பெனிக்கா?"

"எங்கயும் இல்லம்மா. வூட்லதான் கீறேன்." ஜெராக்ஸ் கடையைச் சொல்ல வாய் வரவில்லை.

"குடுத்து வச்சவுக நீங்க. நானெல்லாம் ரெண்டு நாளா ஒறங்கவே இல்ல" என்று கொட்டாவி விட்டாள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. எல்லாரும் ஏறினார்கள். கடைசியாகக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். டிரைவர் என்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார்.

"ஏறும்மா, டைம் ஆவுது. உள்ள சீட்டு கீது."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் ஏறிவிட்டது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துவிட்டேன்.

"ஐடி கார்டு எங்கம்மா?"

கழுத்தில் தடவிப் பார்த்தேன். அப்பாவின் சின்னம் அச்சடித்த துண்டுதான் கிடந்தது.

"நான் இல்லண்ணா, நீங்க போங்க" என்று இறங்கினேன்.