சிலேட்டில் தீர்த்த பழி

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நானும் ராசம்மாளும் டீச்சர்கள். கூலிக்காரர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். பாடம் நடத்த வந்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் வந்தது பழிவாங்க.

அவளுடைய அண்ணன் மருதையனை ஐந்தாம் வகுப்பில் பெயிலாக்கியவர் எங்கள் ஹெட்மாஸ்டர் சிவசாமி. ஆண்டு முடிவில் பள்ளிக்கூட வாசலில் பாஸ், பெயில் வாசிப்பார்; ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிராசுதார் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். பெயிலான தெற்குத் தெருப் பிள்ளை அன்றைக்கே அவருடைய மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட வேண்டும். கொட்டகைக்கு எத்தனை ஆள் தேவையோ அத்தனை பேர் பெயிலாவார்கள். ஆட்சி மாறியது, கூலிப் போராட்டம் வந்தது, நில உச்சவரம்பு வந்தது. மிராசுதார் நிலத்தைப் பினாமி பெயர்களில் எழுதிவிட்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

எழுபத்துமூன்றாம் வருடக் கோடையில் பாபநாசத்தில் ஆசிரியர் பயிற்சி. வெயிலில் காயட்டும் என்று சிவசாமி அவளைத்தான் அனுப்பினார். ஆண்டுப் பரீட்சை வரை காத்திருக்காமல் தினமும் கேள்வி கேட்க வேண்டும், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும், பயிற்சி அவ்வளவுதான். மற்றவர்கள் தூங்கி வழிந்தார்கள். இவள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பில் தினமும் ஒரு கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். பொன்னுத்தாய் என்ற தெற்குத் தெருப் பெண், நடுவில் பூஜ்யம் வந்தால் கழித்தலில் தடுமாறுகிறாள் என்று அப்படித்தான் தெரிந்தது. ஈர்க்குச்சிகளை நாற்றுமுடி போலப் பத்துப் பத்தாகக் கட்டி, முடியைப் பிரித்துக் கழிக்கச் சொன்னாள் ராசம்மாள். பிடிபட்டுவிட்டது. மிராசுதாரின் பேரனும் அதே இடத்தில்தான் தடுமாறினான். அவனை விட்டுத்தள்ளு என்றேன்.

"அவன்தான்க்கா எனக்கு முக்கியம்," என்றாள். எனக்கு விளங்கவில்லை.

முடிவு வாசிக்கும் நாள் வந்தது. மிராசுதாரின் நாற்காலிக்குப் பின்னால், பெயிலான பிள்ளைகளை அழைத்துப்போக மருதையனே நின்றான். பொன்னுத்தாய் கணக்கில் பெயில் என்று வாசித்தார் சிவசாமி. ராசம்மாள் எழுந்து, முந்நூற்றிரண்டில் நூற்றுநாற்பத்தேழு போனால் எவ்வளவு என்று வகுப்பைக் கேட்டாள். சிலேட்டுகள் உயர்ந்தன. பொன்னுத்தாயின் சிலேட்டில் நூற்றைம்பத்தைந்து. பேரனின் சிலேட்டிலும் அதே நூற்றைம்பத்தைந்து.

"இவ பெயில்னா அவங்க பேரனும் பெயில் சார். வாசிங்க."

சிவசாமி மிராசுதாரைப் பார்த்தார். திரண்டு நின்ற தெற்குத் தெருவைப் பார்த்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு மனம் குளிர்ந்தது. பொன்னுத்தாய் பாஸ் என்று முணுமுணுத்தார்.

ராசம்மாள் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

"எங்க அண்ணனையும் அன்னைக்கு இப்படி எல்லாரு முன்னாலயும் ஒரு கணக்கு கேட்டிருக்கலாமே சார்."

மருதையன் யாரையும் பார்க்கவில்லை. பொன்னுத்தாயின் கையைப் பிடித்து அழைத்துப் போய் அவள் வீட்டில் விட்டான். கொட்டகைக்கு அவனும் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் மிராசுதார் வீட்டு மாடுகள் பசியில் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது.