பங்க் பாடகனின் வலது காது

நீ போலீஸிடம் அடி வாங்கவே இல்லை. படத்தில் நீ சொன்னது பொய்.

லஸ் முனையில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு, பாண்டி பஜார் செருப்புக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அடையாறில் சின்ன அரங்கம், நல்ல ஏ.சி. உன்னைப் பற்றிய ஆவணப்படம், எடுத்தது உன் அத்தை மகன். சென்னையின் முதல் பங்க் பாடகன் என்று போஸ்டரில் போட்டிருந்தது. முதல் ஆள்தான், மறுக்கவில்லை. இரண்டாவது ஆள் வரவேயில்லை.

பங்க் பாட்டின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேலையில்லாதவனும் வாடகை கட்ட முடியாதவனும், பாடத் தெரியாவிட்டால் போகட்டும் என்று மேடையேறித் தொண்டை கிழியக் கத்திய பாட்டு அது. அந்தக் கேசட்டுகளை எனக்கு முதலில் போட்டுக் காட்டியவன் நீதான். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் கேட்டதும் பிடித்துப்போனது. அவர்களுக்குக் கத்துவதற்குக் காரணம் இருந்தது. உனக்கு என்ன காரணம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நான் மந்தைவெளிக்காரன். கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். தி. நகர் மண்டபம் ஒன்றில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "மச்சி, நம்ம பேண்டுக்கு வா" என்று கூப்பிட்டாய். அபிராமபுரத்தில் உங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் பயிற்சி. அரசாங்கம் ஒழிக, கடவுள் ஒழிக என்று நீ இங்கிலீஷில் அலறிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வாசலில் வந்து நிற்பார். "மெதுவா கத்துடா கண்ணா, அப்பா தூங்கிண்டிருக்கார்." நீயும் மெதுவாகக் கத்துவாய். மெதுவாகக் கத்திய பங்க் பாடகன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

நீ பிளேடு வைத்துக் கிழித்த ஜீன்ஸை உன் அம்மா எங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்து, கிழிசலைச் சுற்றி ஓரம் அடித்து வாங்கி வந்தார். "இல்லேன்னா தோய்க்கறச்சே இன்னும் பெருசாயிடும்." அதையே போட்டுக்கொண்டு நீ மேடையேறினாய். படத்தில் அந்த ஜீன்ஸ் போட்டோவைக் காட்டி, இது ஒழுங்குக்கு எதிரான கிழிசல் என்று ஒரு பேராசிரியர் விளக்கம் கொடுக்கிறார். தையல் ரொம்ப ஒழுங்காக இருந்தது, ஐயா.

இதெல்லாம் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பொங்கல் விழாவைப் பற்றி நீ பேசாமல் இருந்திருந்தால்.

எங்கள் தெருப் பொங்கல் விழாவில் உனக்கு மேடை வாங்கிக் கொடுத்தது நான். விழா நடத்திய பையன்களிடம் கெஞ்சி வாங்கினேன். நீ ஆரம்பித்ததுமே ஜனங்கள் "சினிமாப் பாட்டு போடுபா" என்று கூச்சல் போட்டார்கள். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. பந்தோபஸ்துக்கு நின்றிருந்த போலீஸைக் கை காட்டி மைக்கில் இங்கிலீஷில் திட்டினாய். எனக்குப் புரியவில்லை. ஆனால் நீ முகத்தை வைத்திருந்த விதத்தைப் பார்த்து, ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் மேடைக்கு ஏறி வந்தார். நேராக உன்னிடம்தான் வந்தார். கீழேயிருந்து யாரோ, "சார், அது அபிராமபுரம் பெரிய வக்கீல் பையன் சார்" என்றார்கள். அவர் அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா இளிக்கிற? இன்னா சொன்னான் அவன்?"

"தெரியாது சார். இங்கிலீஷ் சார்."

"தெரியாமத்தான் சிரிச்சியா?"

அறைந்தார். ஒரே அறைதான். காதுக்குள் ஏதோ கிழிந்தது எனக்கே கேட்டது.

நீ அப்போது எங்கே இருந்தாய்? பனியில் நிற்காதே என்று உன் அம்மா காரோடு மஃப்ளரையும் கொடுத்தனுப்பியிருந்தார். டிரைவர், "சின்னவரே, சீக்கிரம் ஏறுங்க" என்றார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏறினாய். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். கண்ணாடியை ஏற்றிவிட்டாய்.

இடது காதில் சவ்வு கிழிந்துவிட்டது, சீழ் பிடித்துவிட்டது, இனி கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மெல்லிசைக் குழுவில் கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தேன். குழு நடத்தியவர் நல்ல மனுஷன். ஒரு கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவில் வந்து தோளைத் தட்டினார். "நைனா, நீ பாட்டுக்கு முன்னாடி ஓடிக்கினு கீற. அந்தப் பொண்ணு பாடிக்கினே பின்னாடி தொரத்திக்கினு வருது." அதோடு குச்சியைக் கீழே வைத்தவன்தான். இப்போது கடையில் வலது பக்கம் நின்று பேசச் சொல்லி செருப்பு விற்கிறேன்.

நீ என்ன செய்கிறாய் என்றால், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காதைத் தொட்டுக் காட்டி, அன்று போலீஸ் அறைந்தது இன்னும் இந்தக் காதுக்குள் ஒலிக்கிறது என்கிறாய். அந்த இங்கிலீஷ் எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. எனக்குப் பக்கத்து சீட்டு அம்மாள் "ச்சோ ச்சோ" என்றார். நீ சொன்ன கதையில் மேடையும் ட்ரம்ஸும் இருக்கின்றன, ட்ரம்ஸுக்குப் பின்னால் ஆள் இல்லை.

படம் முடிந்து கேள்வி நேரம் வந்தது. எழுந்து நின்றேன். கூட்டம் நடத்தியவர், "கேள்வி மட்டும் கேளுங்க சார், கருத்து வேண்டாம்" என்றார்.

"கேள்விதான் சார். அறைஞ்ச போலீஸ்காரர் இடது கைக்காரரா?"

சிலர் சிரித்தார்கள். கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள். எதிரில் நிற்கிறவன் வலது கையால் ஓங்கி அறைந்தால் இடது கன்னத்தில்தான் விழும். அடி வாங்கியவனுக்கு இது சாகும்வரை மறக்காது. அடுத்தவன் அடியைத் திருடுகிறவனுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியவில்லை.

நீ தண்ணீர் குடித்தாய். நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்தார்கள். அப்புறம் மேடையிலிருந்து இறங்கி, "மச்சி! நீயா!" என்று எல்லாரும் பார்க்க ஓடி வந்து கட்டிப் பிடித்தாய். என் காதருகே குனிந்து ஏதோ சொன்னாய். இடது காது. மூச்சுச் சூடு மட்டும் பட்டது. நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளிடம் கை கொடுக்கப் போய்விட்டாய். எந்தக் காது போனது என்று தெரிந்துகொள்ள நீ ஒரு நாளாவது வந்து பார்த்திருந்தால், இந்தப் பக்கம் குனிந்திருக்க மாட்டாய். மன்னிப்புக் கேட்டாயோ, வாயை மூடிக்கொண்டு போ என்றாயோ, ஒரு நாள் காபி சாப்பிடலாம் என்றாயோ, எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மயிலாப்பூரில் மறுபடியும் படத்தைப் போடப்போகிறார்களாம். வருவேன். அதற்குள் வீட்டுக்கு ஆள் அனுப்பாதே, கடைக்கு வராதே, தனியாகப் பேசலாம் என்று சொல்லாதே. மைக்கைப் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சொல். அன்றைக்கு மேடையில் அந்த அறையை வாங்கியது யார்? கார்க் கண்ணாடியை ஏற்றியது யார்?