ஹாலில் ஒரு காக்பிட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாடி வீட்டு பாஸ்கர் என் வாசலில் வந்து நின்றார். முகமே சரியில்லை.

"சார், எங்க ஊடு வரிக்கும் வந்து ஒரு வார்த்த சொல்ட்டுப் போங்க சார்."

யாரிடம்? என்ன வார்த்தை? சண்டையா... சமாதானமா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எனக்கு வாயே வர மாட்டேங்குது. நீங்கன்னா வெளி ஆளு, சொல்லலாம்."

இப்படிக் கூப்பிட்டால் எந்தப் பத்தி எழுத்தாளனால் போகாமல் இருக்க முடியும்? காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறினேன்.

பாஸ்கருக்கு மேனாம்பேடுதான் பூர்வீகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி மலர் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக் காதல். மலர் விமானம் ஓட்டுகிறார் — அதுவும் கேப்டன்! எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் முதல் எல்லோருக்கும் இதில் ஒரு தனிப் பெருமை. எனக்கும்தான்.

மலர் ஓட்டுவது ஐம்பது பேர் உட்காரும் குட்டி ஜெட். பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குப் போய் வருவது. அந்தக் குட்டி ஜெட்களை எல்லாம் நிறுத்திவிடப் போவதாக மலருடைய கம்பெனி சொல்லிவிட்டது. கட்டுப்படியாகவில்லையாம். அந்த ஊர்க்காரர்கள் மறுபடியும் ராத்திரி பஸ்ஸுக்கு அலைய வேண்டியதுதான். சரி, ஓட்டியவர்கள்?

'அதனால் என்ன, லைசென்ஸ் இருக்கிறதே, வேறு விமானம் ஓட்டலாமே' என்றுதான் நானும் நினைத்தேன். மாருதி ஓட்டியவர் இன்னோவா ஓட்டுவதில்லையா? விமானத்தில் அந்தக் கதையே கிடையாதாம். ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் படிப்பு, தனிப் பரீட்சை. பரீட்சையில் கோட்டை விட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் வெளிநாட்டில் முயற்சி செய்கிறார். இன்னொரு சீனியர், 'இந்த வயசுல மறுபடி முதல்லேர்ந்தா?' என்று ஊருக்கே போய்விட்டார்.

மலருக்கு ஒரு பெரிய விமானக் கம்பெனி வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. கேப்டனாக அல்ல, மறுபடியும் கோ-பைலட்டாக. அதற்கும் அடுத்த வாரம், விமானம் மாதிரியே இயங்கும் சிமுலேட்டரில் பரீட்சை. தேறினால்தான் வேலை.

ஹாலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். டிவியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சுவர் முழுக்க ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெரிய விமானத்தின் காக்பிட், நிஜ அளவில்! ஸ்விட்ச், முள், விளக்கு என்று ஒன்று பாக்கியில்லை. அதற்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேலும் லீவர் படங்கள் ஒட்டியிருந்தன. வலது நாற்காலியில் மலர்.

"எல்லா பைலட்டும் இப்படித்தான் வீட்டுல பழகுவாங்க அங்கிள்" என்று சிரித்தார்.

இடது நாற்காலி பாஸ்கருக்கு. "இந்த ஊட்ல எனக்குக் கெடச்ச ஒரே கேப்டன் சீட்டு சார் இது" என்றார்.

ஒருமுறை 'பறந்து' காட்டினார்கள். பாஸ்கர் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மலரின் விரல்கள் காகிதத்தில் பாய்ந்து பாய்ந்து தொட்டன. ஒரு தயக்கம் இல்லை. தலைக்கு மேலே பார்க்காமலே கையை உயர்த்தி, இல்லாத ஸ்விட்சைத் தொட்டார். முப்பது வருடமாகக் குடியிருந்தும், ராத்திரி கரண்ட் போனால் என் வீட்டு மெயின் ஸ்விட்சை நான் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.

சரி, இதில் பிரச்சினை எங்கே?

"ஓடுபாதையை விட்டுக் கிளம்புற நேரத்துல 'இன்ஜின் ஃபயர்'னு இவர் சொல்லணும் அங்கிள். டெஸ்ட்ல அதுதான் முக்கியம். இவர் என்ன சொல்றாருன்னு கேளுங்க..."

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். "மலரு, இன்ஜினுக்கு லைட்டா ஒடம்பு சரியில்லமா."

"பாத்தீங்களா!"

"இன்னா சார் பண்றது? அவ குந்திகினு போற வண்டி. அதுல நெருப்பு புடிச்சிகிச்சின்னு கட்டின புருசன் வாயால சொல்லச் சொன்னா... அதுவும் நல்ல நாளும் அதுவுமா, வெளக்கு ஏத்திகீது சார் உள்ள."

சகுனத்தைக் கிண்டல் செய்து இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கெத்தாக கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும்... எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மெதுவாக முனகினேன்.

"சத்தமா அங்கிள்! பயமுறுத்தணும்."

மறுபடி முதலிலிருந்து கிளம்பினோம். "இன்ஜின் ஃபயர்!" என்று கத்தினேன்.

மலரின் இடது கை சட்டென்று முன்னால் போய்... காற்றைப் பிடித்தது.

மலர்தான் விளக்கினார். குட்டி ஜெட்டில் கேப்டனுக்கு இடது கையில் ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்குமாம், நெஞ்சுக்கு நேராக. புது விமானத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வலது ஓரத்தில், வலது கையால் பிடிக்கச் சின்னதாக ஒரு குச்சி, அவ்வளவுதான். பாஸ்கர் 'உடம்பு சரியில்லை' என்று சொன்னபோதெல்லாம் கை ஒழுங்காகத்தான் இருந்தது. நெருப்பு என்றதும் பழைய விமானத்துக்கு ஓடிவிட்டது!

மலர் தன் கையையே பார்த்தார். "இத்தனை வருஷமா இந்தக் கைதான் அங்கிள் எல்லாரையும் பத்திரமா இறக்கி விட்டுச்சு. இப்ப இதையே தப்புன்னு சொல்லி அடக்கணும்." கண் கலங்கிவிட்டது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைவந்ததை மறக்கப் படிக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். எழுந்து கும்பிடத் தோன்றியது.

எனக்கு முன்னால் பாஸ்கர் எழுந்தார். பூஜை அறைக்குப் போனார். சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து, "எந்திரிங்க சார்" என்று என்னைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்ஜின் ஃபயர்!"

யப்பா... லேத் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கீழ் வீட்டிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டாள். மலரின் கை மறுபடி காற்றைப் பிடித்தது. பாஸ்கர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார். மத்தியானத்துக்குள் அந்தக் கை லேசாக எழும்பி, பாதியிலேயே நின்று, திரும்பி வரக் கற்றுக்கொண்டது.

அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் எங்கள் தெருவில் இன்ஜின் தீப்பிடித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பரீட்சை அன்று நான் பாஸ்கரோடு பட்டறையில் இருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாஸ் பண்ணிட்டேங்க!" என்றது மலரின் குரல். "கிளம்புற நேரத்துல சரியா ஃபயர் அலாரம் அடிச்சாங்க. கை அசையவே இல்ல."

"நெசமாவா? பயப்படலியா மலரு?"

"ஏங்க... நீங்க கத்துனதுக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு அலாரமா?"