ஆணி விட்ட துளை

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அடைத்துக்கொண்டது. என் மகன் அதன் துளையில் ஆணியை விட்டுக் குடைந்தான். அந்தக் கரகரப்பைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல் வந்தது.

அறுபதுகளில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அப்பாவும் இதைத்தான் செய்தார். அம்மா மிளகாய் நாற்றுக்குப் பூவாளியில் தண்ணீர் தெளிப்பாள். தூறல்போல் விழும், மண் மணக்கும். "ஜல்தியா முடியட்டும்" என்று அப்பா ஒருநாள் அதன் துளைகளை ஆணியால் பெரிதாக்கிவிட்டார். தண்ணீர் மொத்தமாகக் கொட்டி, நாற்றெல்லாம் வேரோடு சாய்ந்தது.

"இன்னாய்யா இப்பிடிப் பண்ணிட்டே?" என்று அம்மா கத்தினாள்.

"நாத்துதானே, நிமிந்துக்கும்" என்றார் அப்பா. ஒன்றுகூட நிமிரவில்லை.

"டேய், ஆணிய எடுறா!" என்று நான் கத்துவதற்குள் மகன் மோட்டாரைப் போட்டுவிட்டான். வரப்புவரை போய் விழுந்த தண்ணீர் இப்போது அவன் காலடியிலேயே கொட்டியது.

"அதுவா பரவிக்கும்மா" என்றான்.

என் அப்பாவை அவன் பார்த்ததே இல்லை.