வசந்தி அக்காவின் பச்சைக் குளம்

நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிற தொழிலில், தண்ணீர் நன்றாக இருக்கும்வரை உங்களை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. பச்சையானால் மட்டும் உங்கள் பெயர்தான் முதலில் வாயில் வரும். மொட்டைமாடித் தொட்டியை ஒரு தடவையாவது இறங்கிக் கழுவிய புண்ணியவான்கள் நீங்கள் என்றால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அப்போது எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். ஹைதராபாத்தில் மாதப்பூர், கொண்டாபூர் பக்கமெல்லாம் சாஃப்ட்வேர்க்காரர்கள் வில்லா வாங்கிக் குடியேறிக்கொண்டிருந்த காலம். லோத்குண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆனந்த் அண்ணா, தாத்தா காலத்திலிருந்து சிகந்திராபாத்திலேயே இருக்கிற தமிழர், அந்த வில்லாக் குளங்களைப் பராமரிக்கும் வேலையை எடுத்திருந்தார். தண்ணீரைச் சோதித்துச் சொல்ல ஆள் தேடினார். "பொம்பளைப் பிள்ளை குளம் கழுவப் போறதா?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்காகவே சேர்ந்தேன்.

துணிக்குக் காவல்

கொண்டாபூரில் வசந்தி அக்கா வீட்டுக் குளம் கீரை மசியல் மாதிரி கிடந்தது. மழைக்காலம் வேறு. இறங்கும் படிக்கட்டில் முதல் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஒரு தவளை மட்டும் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்காவின் கணவர் மூர்த்தி சார் ப்ராஜெக்ட் மேனேஜர், அமெரிக்காவில் ஆன்சைட். விநாயக சவிதி, அதாவது பிள்ளையார் சதுர்த்தி, முடிந்து அவர் திரும்பும்போது குளம் தெளியாமலிருந்தால், மண்ணைக் கொட்டி மூடிவிட்டு மேலே ஹோம் தியேட்டர் கட்டுவதாக முடிவு. கான்ட்ராக்டர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுக்கூடப் போயிருந்தார்.

"மூடினால் உங்களுக்கு என்னக்கா நஷ்டம்?" என்று கேட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அண்ணன் தம்பிகள் கிணற்றில் குதிக்கும்போது, மேலே உட்கார்ந்து அவர்கள் துணிமணியைப் பார்த்துக்கொள்வது இவர் வேலையாம். இங்கே கிளப்பில் லேடீஸ் டைம் என்றால் உச்சி வெயில் நேரம். அதுவும் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க ஆண்கள் கூட்டம். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா கொதிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருசமா நாந்தான் துணிக்குக் காவல் கண்ணு. ஒருக்காவாச்சும் என்ற துணிக்கு வேற யாராச்சும் காவல் இருக்கோணுமில்ல?"

ஃப்ரிட்ஜ்

சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் காரத்தன்மை ஏறிக் கிடந்தது. அந்த நிலையில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் பாசிக்கு அது பன்னீர் தெளித்த மாதிரிதான். முதலில் அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்தோம். சுவரெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். வெயிலில் குளோரின் வீணாகும் என்பதால் பொழுது சாய்ந்தபின் அதை அள்ளிக் கொட்டினோம். இனி ஃபில்டர் மோட்டார் இடைவிடாமல் ஓடினால் போதும்.

காலையில் போனால் மோட்டார் நின்றிருந்தது. வாட்ச்மேன் யாதகிரி பாவம், என்ன செய்வார்? அமெரிக்காவிலிருந்து தினமும் போன் வருமாம், இருட்டியதும் மோட்டாரை அணைக்கச் சொல்லி. அன்று போன் வந்தபோது நானே வாங்கிப் பேசினேன்.

"ராத்திரி யாரும் நீந்தப்போறதில்லையே, மோட்டார் எதுக்கு?" என்றார் மூர்த்தி சார்.

"ராத்திரி யாரும் சாப்பிடப்போறதில்லையே சார், ஃப்ரிட்ஜை அணைச்சுடறீங்களா?"

அவர் உடனே போனை என் முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார். ஆனந்த் அண்ணா "ஹவ் சார், ஹவ் சார்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டுப் போனை வைத்தார். நான் அடுத்த வாதத்தோடு தயாராக நின்றேன். அவர் சொன்னார்: "மோட்டார் ஓடலாமாம். ஆனா ஃப்ரிட்ஜ் பேச்சு நக்கோ மா, வேணாம், நாளைக்கு அதையும் நம்மளையே கழுவச் சொல்லுவாரு."

மோர்

குளம் கழுவுகிறவர்கள் எல்லோரும் பயப்படும் ஒரு கட்டம் உண்டு. பச்சை போய்விடும், ஆனால் செத்த பாசி மிதந்து தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நிற்கும். பார்க்கிறவர்களுக்கு, இருந்ததையும் கெடுத்துவிட்டோம் என்றுதான் தோன்றும். இது முன்னேற்றம்தான் என்று நிரூபிக்க நான் ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன்.

அக்கா அதற்கு இடமே கொடுக்கவில்லை. குளத்தோரம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "பச்சையா இருந்தப்ப ஒரு படிதான் தெரிஞ்சுது, இப்ப மூணாவது படி தெரியுது. உள்ள படி தெரியுதுன்னா இது நல்ல மோருதான் கண்ணு."

விசுவாசம்

மோரைத் தெளியவைக்கப் படிகாரம். கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, ஒரு ராத்திரி தண்ணீரை அசையாமல் விட்டால் அழுக்கெல்லாம் அடியில் படியும். ஊற்றினேன், மோட்டாரை அணைத்தேன், வீட்டுக்குக் கிளம்பினேன். அணைத்ததை யாதகிரியிடம் சொல்லத் தோன்றவில்லை. சார் சொன்னால்கூட அணைக்கக்கூடாது என்று அதற்கு முன் அவரிடம் நான் போட்ட சத்தம் கொண்டாபூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

காலையில் மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. படிந்த அழுக்கெல்லாம் மறுபடி மேலே வந்து குளம் பழையபடி மோர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். யாதகிரி மெடல் வாங்க வந்தவர் மாதிரி எதிரே நின்று, நான் போட்ட உத்தரவையே தெலுங்கில் திருப்பிச் சொன்னார்: "மீரே செப்பின்ரு கதா மேடம், சார் செப்பினா கூட பந்த் செய்யொத்தனி!"

அண்டா

மறுபடி படிகாரம். இந்தத் தடவை சுவிட்சுக்குப் பக்கத்தில் யாதகிரியையே காவல் வைத்தேன். விடிந்ததும் அடியில் ஜமக்காளம் விரித்த மாதிரி அழுக்கு படிந்திருந்தது. அதை அசைக்காமல் குழாய் வைத்து உறிஞ்சிச் சாக்கடைக்கு விட்டோம். அடியில் நீல டைல்ஸ்! மூர்த்தி சார் மறுநாள் காலையில் வருகிறார்.

சாயங்காலம் டப்பு மேளச் சத்தம் கேட்டது. காலனிக்காரர்கள் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஏரிப் பக்கம் ஒரே டிராஃபிக்காம், தண்ணீர் இங்கேயே இவ்வளவு நன்றாக இருக்கும்போது பிள்ளையாரைக் கரைக்கிற நிமஜ்ஜனத்தை இங்கேயே முடித்துவிடலாமாம். "மண் விநாயகர்தானேம்மா, வெறும் மண்ணுதானே" என்றார் ஒரு ஆண்ட்டி. இந்தக் குளத்தில் மண்ணைப் போடுவதா வேண்டாமா என்றுதானே இத்தனை நாள் சண்டை! நான் வாதத்தை ஆரம்பித்தேன். டப்பில் எதுவும் எடுபடவில்லை.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். யாரிடமும் முடியாது என்று அவர் சொல்லி நான் பார்த்ததில்லை; அதனால் பூஜைத் தட்டு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பெரிய அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார். அதைச் சுற்றி மஞ்சள் குங்குமம் வைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, கூட்டத்துக்கு நடுவே வைத்தார். தமிழில்தான் சொன்னார், எல்லோருக்கும் புரிந்தது: "பிள்ளையாருக்கு அண்டா போதும். குளம் எனக்கு வேணும்."

துண்டு

மறுநாள் குளோரின் இறங்கியிருப்பதைச் சோதித்த பிறகுதான் அக்காவை இறங்க விட்டேன். சுடிதாரோடு ஆழமில்லாத பக்கம் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். ஆனந்த் அண்ணா தன் மேலே சிதறிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மூர்த்தி சார் டாக்ஸியிலிருந்து இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே குளத்தங்கரைக்கு வந்தார். ஹோம் தியேட்டருக்கு எதிராக என்னிடம் வரிசையாக வாதங்கள் இருந்தன. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடியில் தெரிந்த டைல்ஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி டைல்ஸைப் பார்த்தார். அக்கா முகத்தில் வழிந்த தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னார்: "வந்துட்டீங்களா? அந்தத் துண்டையும் துப்பட்டாவையும் நனையாம கொஞ்சம் பிடிச்சுக்குங்க, நான் அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

ஒரு குளம் தெளிய அமிலம், குளோரின், படிகாரம் எல்லாவற்றோடும் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரும் தேவைப்படுவார் என்று எங்கள் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.