வாடை இருந்தால் வாடகை இல்லை

என் மருமகள் பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பதினெட்டு வருஷம் நீராவிக்குள் நின்று சேர்த்த காசு, அதற்கு மேல் வங்கிக் கடன், இரண்டையும் போட்டு மாடியும் கீழுமாக ஒரு பழைய வீட்டை வாங்கினாள். கீழ்வீட்டை வாடகைக்கு விடுவது, அதிலேயே தவணை கட்டுவது, நாங்கள் மாடியில் இருப்பது என்று ஏற்பாடு. மூன்றாம் மாதம் முதல் தவணை. அதற்குள் ஆள் வராவிட்டால் வீடு கையில் நிற்காது.

"நான் வந்து பார்க்காமல் முடிக்காதே" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! முழங்கால் வலி என்று என்னை விட்டுவிட்டு, என் மகனை அழைத்துப் போனாள். அவனுக்கு வருஷம் முந்நூறு நாள் மூக்கடைப்பு.

"சுவர் கஞ்சி போட்ட சட்டை மாதிரி மொடமொடன்னு இருக்கு அத்தை" என்று வந்து சொன்னாள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் எதற்குப் புதுப் பெயிண்ட் என்று கேட்க அங்கே நான் இல்லையே.

பழுது பார்க்க வங்கி கொடுத்த பணத்தில் முதல் வேலையாகக் கீழே தரைக்கு டைல்ஸ் ஒட்டினாள். மாடிக்கும் வாங்கி, பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்தாள். வேலை முடிந்ததும், வீட்டை முடித்துக் கொடுத்த அதே தரகர் ஒரு டீச்சரை வாடகைக்குப் பார்க்க அழைத்து வந்தார். அன்றைக்குத்தான் நானும் முதன்முதலாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன்.

டீச்சர் தரையைப் பார்க்கவே இல்லை. மூக்கைச் சுருக்கினாள். "ஈர வாடை அடிக்குதே?"

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றாள் மருமகள்.

எனக்கு அடித்தது, ஓங்கியே அடித்தது. பாவம், அவள் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஈரத்துணிக்குள்ளேயே கிடக்கிற மூக்குக்கு அது காற்று மாதிரி ஆகிவிட்டது.

குழாய்க்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகுகிறதாம். "வாடை இருந்தா வாடகை இல்லக்கா" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழுதுக்கு வைத்த பணமெல்லாம் தரையில் ஒட்டிக் கிடந்தது.

தரகர் வழி சொன்னார். "ஒரு கோட் பெயிண்ட் அடிங்க, ஊதுபத்தி கொளுத்துங்க. எவனுக்குத் தெரியும்?"

"என் தலையில அப்படித்தானே கட்டினீங்க? நான் இன்னொருத்தி தலையில கட்ட மாட்டேன்" என்றாள் மருமகள்.

வந்த விலைக்கு விற்றுவிடு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அசையவில்லை. பிரிக்காத டைல்ஸ் பெட்டிகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் பிடித்தம் போகக் கொடுத்ததில் குளியலறையை உடைத்துக் குழாயை மாற்றினாள்.

கீழ்ச்சுவர் காய மாதக்கணக்காகும் என்றார் குழாய்க்காரர். தவணை அதுவரை காத்திருக்குமா? மருமகள் டீச்சரைத் தேடி அவர் வீட்டுக்கே போனாள். "மாடியை எடுத்துக்குங்க. குழாய் புதுசு, சுவர் காய்ஞ்ச சுவர். தரைதான் வெறும் சிமெண்ட்."

டீச்சர் மாடியில் மூலைக்கு மூலை மோந்து பார்த்தாள். "தரைக்குப் பாய் போட்டுக்கலாம். வாடைக்கு எதைப் போடுறது?" என்று சொல்லி முன்பணத்தை நீட்டினாள்.

வீடு வாங்குகிறவர்களே, மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். உங்கள் மூக்கை நம்பாமல் இன்னொரு மூக்கையும் கூட்டிப்போங்கள். குழாய் பார்க்காமல் தரையில் கை வைக்காதீர்கள். இரண்டு மாதம் ஆள் வராவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று யோசித்துவிட்டு அப்புறம் கடன் கேளுங்கள்.

முதல் தவணை தேதி தவறாமல் போனது. நாங்கள் கீழே, ஈரச் சுவருக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு வியர்த்துக் கிடக்கிறோம்.

"மாடியில ராணி மாதிரி இருக்கலாம்னு சொன்னியே?" என்று நேற்று என் மகன் அவளைக் குத்திக் காட்டினான்.

"ராணி கீழேயும் இருப்பா. எழுந்து போய் ஜன்னலைத் திறங்க" என்றாள்.

திறந்தான்.