புத்தகத்தில் இல்லாத செம்பருத்தி

போன வாரம் பாகூரில் வாழைத்தார் ஏற்றிவிட்டு வில்லியனூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். ஒருத்தி கண்ணை மூடி "ஸ்டிக்மா, ஸ்டைல், ஓவரி" என்று ஒப்பிக்க, மற்றவள் கைடைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எந்தப் பூவைப் பத்திம்மா படிக்கிறீங்க?"

"பூ இல்ல அங்கிள். அஞ்சு மார்க் கொஸ்டின்."

சிரித்திருக்கலாம். எரிச்சல்தான் வந்தது. அவள் பின்னலில் ஒரு ரோஜா வாடிக்கொண்டிருந்தது. அதற்கும் இந்தக் கேள்விக்கும் உறவு உண்டென்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

வாடிய பூவின் வாசனை என்றால் எனக்குப் பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வுதான். செம்பருத்தியைப் பிரித்து மகரந்தத்தாளையும் சூலகத்தையும் தனித்தனியாகக் காட்டி, படம் வரைய வேண்டும். பூவை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவருவோம். திறந்தால் வழவழவென்று கையில் ஒட்டும். அதில் சோறு கொண்டுபோன நாட்கள் குறைவு. நான் பள்ளிக்கூடம் போனதே காலையில் தரும் பாலுக்கும் ரொட்டிக்கும்தான்.

எங்கள் தெருவில் எல்லாம் அடுக்குச் செம்பருத்தி. மாதா சிலை நிற்கும் கெபிக்கு வைப்பதற்காகக் கோயில் தோட்டத்தில் வளர்த்த செடி அது. அதிலிருந்து குச்சி ஒடித்து வந்து வீட்டுக்கு வீடு நட்டிருந்தார்கள். ரோஜா மாதிரி இதழ் மேல் இதழ். புத்தகத்திலோ ஐந்து இதழ், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல். இரண்டும் வேறு என்று எங்கள் சார் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல, அவர் பூவைப் பார்த்திருக்க வேண்டுமே!

என் பெஞ்சுக்குப் பின்னால் பிலோமினா. நர்ஸ் ஆக வேண்டும், அதற்குப் பிளஸ் ஒன்னில் உயிரியல் கிடைக்க வேண்டும். அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. நான் என் பூவைப் பிரிக்கவே இல்லை. மனப்பாடமாக இருந்த படத்தை வரைந்து நீட்டினேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் "வெரிகுட்" என்றார். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே வெரிகுட். பிலோமி மட்டும் ஊசியால் ஒவ்வொரு இதழாகப் பிரித்து, பார்த்ததை வரைந்திருந்தாள்.

"இன்னாம்மா இது, முட்டைக்கோஸா?"

"பூ இப்டிதான் சார் இருக்குது. மகரந்தத்தாளுங்கதான் இதழா மாறிக்கினு வந்திருக்கு. இங்க பாருங்க, இந்த இதழு ஓரத்துல மகரந்தம் ஒட்டிக்கினு கீது."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்காகப் புஸ்தகத்த மாத்தி எழுதணுமா? படத்த ஒழுங்கா போடு."

எங்கள் சார் ஓடிவந்து காதோரம் கெஞ்சினார். "அடிச்சிட்டு வேற போட்டுடு பிலோமி. வம்பு வேணாம்."

"பூவுல இல்லியே சார், எப்டிப் போட்றது?"

படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. அந்த மதிப்பெண் போனதில் உயிரியல் குரூப் போனது. வரலாறு குரூப்பில் உட்கார வைத்தார்கள். அவளுடைய அப்பா தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அரைநாள் நின்றுவிட்டுத் திரும்பினார். கணக்கில் தேறாமல் நான் பள்ளிக்கூடத்தை விட்டே வெளியே வந்து, திருப்பூர், பாலக்காடு என்று லாரி ஏறிவிட்டேன். அது போகட்டும், நான் படித்துக் கிழித்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்த வகுப்பில் பூவைப் பார்த்தவள் ஒருத்திதான், உயிரியலுக்குத் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டவளும் அவள்தான். இத்தனை வருஷமாகியும் இதை என்னால் செரிக்க முடியவில்லை.

பிலோமி இப்போது ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளைப் பார்த்து, அந்தப் பெண்கள் சொன்னதைச் சொன்னேன். "சரியாத்தான் சொல்லிருக்கு அந்தப் பொண்ணு. பொழச்சிக்கும்," என்றாள்.

எங்கள் தெருவுக்குள் நடந்தேன். பிலோமிக்கு நடந்ததற்கு மறு வருஷமே ஆரம்பித்ததாம். "பரீட்சைக்கு ஆவாத செடி வூட்ல எதுக்கு?" என்று அம்மாக்கள் ஒவ்வொருவராக அடுக்குச் செம்பருத்தியை வேரோடு பிடுங்கிவிட்டு ஒற்றைச் செம்பருத்தி வைத்துவிட்டார்கள். கடைசி வீடு வரை பார்த்துவிட்டேன். எல்லா வாசலிலும் புத்தகத்தில் இருக்கிற பூதான் பூத்திருக்கிறது.